கயிற்றை யாரிடம் கொடுப்பது?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் பெருந்தொழிலாக நடந்துகொண்டிருந்த நாட்களில், காலடியில் கல்லும் இடுப்பில் கயிறுமாகக் கடலுக்குள் இறங்கியவன், மேலே தோணியின் விளிம்பில் நின்று அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவனை நம்பித்தான் இறங்கினான். கயிறு அசைந்த மாத்திரத்தில் இழுக்கவேண்டும். சற்றே தாமதித்தாலும், அடுத்த தோணிக்காரனோடு வாய்கொடுத்துக்கொண்டு நின்றுவிட்டாலும், கீழே போனவன் கதை முடிந்தது. ஆகவே அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்றும், கூடப்பிறந்தவள் தாலியறுக்கச் சம்மதிக்கும் சகோதரன் உலகத்தில் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்றும் தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைகளைப் பார்த்துச் சென்ற மார்க்கோ போலோ, பெரிய மீன்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரம் ஓதிக் கட்டுகிறவர்களுக்கு, எடுத்த முத்துக்களில் 20இல் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். மந்திரத்துக்குச் சுறாக்கள் கட்டுப்பட்டனவா என்பது வேறு விஷயம். நீருக்குள் போகிறவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒரு விலை உண்டு, அதைத் தனியாக எடுத்துவைத்தே தீரவேண்டும் என்ற வியாபார ஞானம் அன்றைய வர்த்தகர்களுக்கு இருந்திருக்கிறது.

இன்று கடலுக்குள் இறங்குகிறவர்கள் முத்துக்காக இறங்குவதில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரோட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிற மென்பொருள் நிறுவனத்து இளைஞர்களும், தேனிலவுக்கு அந்தமான் சென்று, 2018ஆம் ஆண்டின் இறுதிவரை ஹேவ்லக் என்று வழங்கி இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் பெற்றிருக்கும் தீவில் பவளப்பாறைகளைப் பார்க்கத் துடிக்கிற புதுத் தம்பதிகளும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏதாவது ஒரு சாகசம் செய்துவிடவேண்டும் என்று தீர்மானித்த பெரியவர்களுமாக, ஸ்கூபா என்னும் இந்த விளையாட்டை நாடுகிறவர்கள் பல தரத்தினர். சென்னையைச் சுற்றியும் புதுச்சேரியிலும் ராமேசுவரத்துப் பக்கமும் இவர்களுக்கென்று கடைகள் இருக்கின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிலும் கடைகள் உண்டு. புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளத்தைக் காட்டுவதே அவற்றின் ஜீவனம். அந்தத் திருகோணமலையில்தான் 1956ஆம் ஆண்டில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும், கோணேசர் கோயில் நிற்கும் குன்றின் அடியில், கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்த வாடிக்கையாளர்கள் யாருக்கும் மைத்துனன் கூட வந்து கயிறு பிடிப்பதில்லை. வந்தாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். முன்பின் அறியாத ஒரு கடைக்காரரிடம், கைப்பேசியில் முன்பணம் அனுப்பி, காலை 6 மணிக்கு வந்து நின்று, அவர் கொடுத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, அவர் சொன்ன ஆழத்துக்கு இறங்குகிறோம். அந்நியன் ஒருவனை ஒரு மணி நேரத்துக்குள் மைத்துனனாக்கிக்கொள்ள வேண்டிய நிலைமை இது. எந்தக் கடையை நம்புவது? சிரித்த முகம், குளிர்ந்த பானம், கட்டணத்தில் தள்ளுபடி, இவையெல்லாம் நல்ல உபசாரம்தான். ஆனால் ஜவுளிக்கடையிலும் இவை கிடைக்கின்றன. ஒரு ஸ்கூபாக் கடையின் தராதரத்தை, அது நமக்குச் சொல்லும் பதில்களைக் கொண்டு அறிவதைவிட, அது நம்மைக் கேட்கும் கேள்விகளைக் கொண்டு அறிவது சுலபம் என்பது பல கடைகளின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம்.

இந்தத் தொழில் எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொண்டால் விஷயம் தெளிவாகும். 1943ஆம் ஆண்டில், யுத்தம் நடந்துகொண்டிருந்த பிரான்ஸில், ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமீல் கான்யான் என்ற எஞ்சினியரும் சேர்ந்து, நீருக்குள் சுவாசிக்க உதவும் ஸ்கூபாச் சாதனத்தை உருவாக்கினார்கள். பெட்ரோல் பஞ்சத்தின் காரணமாக வாயுவில் ஓடும்படி மாற்றப்பட்ட மோட்டார்களுக்காகக் கான்யான் அமைத்திருந்த ஒரு வால்வுதான் அதற்கு மூலம். மனிதன் உறிஞ்சும்போது மாத்திரம், அதுவும் அவனைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்தில், காற்றை அது கொடுக்கும்; அதனால் மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்பும் தொந்தரவு ஒழிந்து, மனிதன் மீனைப்போல் தன் இஷ்டத்துக்குத் திரிய முடிந்தது. பிற்பாடு 1966இல் அமெரிக்காவில் ஜான் க்ரோனின், ரால்ஃப் எரிக்சன் என்ற இருவர், இன்று உலகெங்கும் பேடி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிற பயிற்சி ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். க்ரோனின் ஸ்கூபாச் சாமான்களை விற்கும் பிரதிநிதி. எரிக்சன் நீச்சல் கற்பிக்கும் ஆசிரியர். விற்கிறவரும் கற்பிக்கிறவரும் ஒரே கூரையின்கீழ் குடியேறிய அந்த ஏற்பாடே இன்றைக்கு எந்த ஊர்ப் பயிற்சிக் கடைக்கும் அஸ்திவாரம். இருவரும் சமபலத்தோடு இருக்கும்வரை கடை நன்றாக நடக்கிறது. விற்கிறவர் குரல் ஓங்கி, கற்பிக்கிறவர் வாயடைத்துப் போகும் நாளில் வாடிக்கையாளனுக்கு அபாயம் ஆரம்பமாகிறது.

நாம் அங்கே விலைகொடுத்து வாங்குவது என்ன? மீன்களைப் பார்க்கும் ஆனந்தம் என்று சொல்லலாம், ஆனால் மீன்கள் கடைக்காரருடைய சரக்கு அல்ல. அவர் விற்பது காற்று. நம் கரைகளில் பெரும்பாலும் வழங்கும் அலுமினிய சிலிண்டரின் உட்கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படும் காற்றை வெளியே விட்டால் ஏறத்தாழ 2,200 லிட்டர் ஆகும். எடைபோட்டால் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். அரிசி வாங்கினால் கையில் எடுத்துப் பார்க்கலாம், எண்ணெய் வாங்கினால் முகர்ந்து பார்க்கலாம். வாங்குகிறவனால் பரீட்சிக்கவே முடியாத சரக்கு இந்தக் காற்று. ஆகவே இதை அடைக்கிற இடத்தைப் போய்ப் பார்ப்பது ஒன்றே வழி.

புதுச்சேரியில் ஒரு கடையின் பின்கட்டில் அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தேன். முன்புறத்தில் ஏர்கண்டிஷனும் சோபாவும் மீன் படங்களும் இருந்தன. பின்னால் தகரக் கொட்டகையில், சிமிட்டித் தரையின் மேல், கம்ப்ரஸர் யந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குக் காற்று எடுக்கும் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போய், தெருவுக்கு எதிர்ப்புறமாக வளைந்திருந்தது. தெருவில் நின்று புகை கக்கும் வேனின் மூச்சு இதற்குள் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக. சுவரில் ஆணியடித்துச் சணல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில், யந்திரம் ஓடிய மணிகள், எண்ணெய் மாற்றிய தேதி, வடிகட்டி மாற்றிய தேதி எல்லாம் எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் எழுதப்பட்டிருந்தன. யந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நடுத்தர வயது மனிதர், நிரப்பி முடித்த சிலிண்டரின் வால்வை ஒரு கணம் திறந்து, சீறி வந்த காற்றைப் புறங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "காத்துக்கு வாசனையே இருக்கக் கூடாது சார். இருந்துச்சுன்னா அது காத்து இல்ல" என்றார். வடிகட்டியை எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதன்படிதான் மாற்றுகிறீர்களா என்று கேட்டேன். "புஸ்தகம் எழுதினவருக்கு நம்ம ஊரு ஈரம் தெரியாது. நாங்க அதுக்கு முந்தியே மாத்திருவோம்" என்று பதில் வந்தது. கடற்கரையின் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த வடிகட்டிக்குள் இருக்கும் கரியும், ஈரம் உறிஞ்சும் மணிகளும் சீக்கிரமே களைத்துப்போகும் என்பது யந்திர சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மை.

அவருடைய மூக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மூக்குக்கு எட்டாத விஷம் ஒன்று உண்டு. யந்திரம் மிதமிஞ்சிச் சூடேறி அதன் எண்ணெய் கருகினாலும், வெளிப்புகை உள்ளே இழுக்கப்பட்டாலும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு காற்றோடு கலந்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் சக்தியோ பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல். கரையில் சுவாசித்தால் லேசான தலைவலியோடு போகக்கூடிய அளவுகூட, கடலுக்குள் 10 மீட்டருக்கு ஒருதரம் அழுத்தம் ஒரு பங்கு ஏறுவதால், 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு பலத்தோடு தாக்கும். ஐரோப்பிய நியமம் சுவாசக் காற்றில் 10 லட்சத்துக்கு 5 பங்குக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. இதை அளக்கிற சிறு கருவி, உள்ளங்கையில் அடங்குவது, அந்தக் கொட்டகையில் ஒரு பலகை மேல் இருந்தது. கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினார்கள். கம்ப்ரஸர் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் "அங்கெல்லாம் வாடிக்கையாளர்கள் போகக்கூடாது" என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அதற்குப் பாதுகாப்பு விதி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் வாசலில் நின்று எட்டிப் பார்க்கக்கூட இடங்கொடாத கடையில் நான் காற்று வாங்கமாட்டேன். சிலிண்டரின் தோள்பட்டையில் அழுத்தப் பரிசோதனை நடந்த மாதமும் வருஷமும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அதைக் குனிந்து பார்க்கிற வாடிக்கையாளனைக் கடைக்காரர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதையும் கவனிப்பது நல்லது.

இனி முன்கட்டுக்கு வருவோம். அங்கே மேஜையின் மேல் ஒரு படிவம் இருக்கும். ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இருதயத்தில் கோளாறு உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, பெண்களானால் கர்ப்பமா என்று அதில் வரிசையாகக் கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு உண்டு என்று எழுதினால் மேற்கொண்டு விசாரிப்பார்கள், வைத்தியரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். நான் முன்பு ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடற்கரை ஊரில், படகு கிளம்பின பிறகு இந்தப் படிவத்தை ஈரக் கையில் வாங்கினேன். "சும்மா போடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்றார் கொடுத்தவர். மனிதனுடைய நுரையீரலைப் பற்றிய விசாரணை எப்போது வெறும் சம்பிரதாயமாயிற்றோ எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரியும். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறவனுக்கு அந்தக் காற்று வெளியே போக வழி கிடைக்காது. படிவத்தின் முதல் கேள்விகளில் ஆஸ்துமா ஏன் இருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்தில் இப்படி விளக்கிவிடலாம். விளக்குகிற கடை வேறு, கையெழுத்து வாங்குகிற கடை வேறு.

புதுச்சேரிக் கடையில் அன்று நடந்ததையும் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து ஐந்து நண்பர்கள் வந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும், படிவங்களை வாங்கிக்கொண்டே ஒருவரை நிமிர்ந்து பார்த்து, "சளி பிடிச்சிருக்காண்ணா?" என்று கேட்டாள். அவர் குரலில் இருந்த அடைப்பு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"லேசாத்தாங்க. மாத்திரை போட்டுட்டேன். இப்ப மூக்கு கிளியரா இருக்கு."

"மாத்திரையோட வேலை கீழ போனப்புறம் நின்னுட்டா, மேல ஏறி வரும்போது காதுக்குள்ள காத்து மாட்டிக்கும்ணா. அப்புறம் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இன்னிக்கு வேண்டாம்."

"அத்தன தூரத்துலருந்து வந்திருக்கேன், பணமும் கட்டியாச்சு."

"பணம் எங்கயும் போகாது. உங்க பேர்லயே எழுதி வச்சிடறேன், உடம்பு சரியானதும் வாங்க. படகுல வேணா கூடப் போங்க, அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நண்பர்களில் ஒருவர் முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். முதலாளி வந்து, அந்தப் பெண் சொன்னதையே இன்னும் இரண்டு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டுப் போனார். வாடிக்கையாளனுக்குப் பிரியமில்லாததைச் சொல்லும் அதிகாரத்தை, கடையில் வயதிலும் சம்பளத்திலும் இளையவளாக இருந்த ஒருத்தியிடம் அவர் விட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனையோ ஸ்தாபனங்களில் கீழே உள்ளவர்கள் மறுத்ததை மேலே உள்ளவர்கள் தாட்சண்யத்துக்காகக் கொடுத்துவிடுகிறார்கள்.

படகில் ஏறுவதற்கு முன் நடக்கும் பாடத்தில் பாஷை ஒரு பெரிய விஷயம். பல கடைகளில் ஆசிரியர்கள் வெளிமாநிலத்துக்காரர்கள், ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ மளமளவென்று சொல்லி முடித்து, "ஓகே?" என்பார்கள், நம்மவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். ஒன்றும் விளங்கவில்லை என்று எழுந்து சொல்கிற சுபாவம் நமக்குக் குறைவு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நிலத்தில் 'பிரமாதம்' என்று அர்த்தம். நீருக்குள் அதற்கு 'என்னை மேலே கொண்டுபோ' என்று அர்த்தம். எல்லாம் நலம் என்பதைக் காட்டக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்கவேண்டும். அழகான மீன்கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் கட்டைவிரலைத் தூக்கி, உடனே மேற்பரப்புக்கு இழுத்துவரப்பட்டு, ஏன் என்று புரியாமல் விழித்துக்கொண்டு நின்ற ஒரு மாமாவைப் பார்த்திருக்கிறேன். தமிழில் நிதானமாகச் சொல்லி, சொன்னதைத் திருப்பிச் செய்துகாட்டச் சொல்கிற ஆசிரியர் கிடைத்தால், அந்தக் கடையில் கட்டணம் இரண்டு பங்கு என்றாலும் கொடுக்கலாம்.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பேடி ஸ்தாபனத்தின் விதிப்படி, சும்மா ஒருதரம் இறங்கிப் பார்க்க வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போகலாகாது. கடலில் ஓர் ஆசிரியருக்கு 4 பேருக்கு மேல் கூடாது. சான்றிதழுக்காகப் படிக்கிறவர்களுக்கு ஆழம் 18 மீட்டர், ஓர் ஆசிரியருக்கு மாணவர்கள் 8 பேர். இவையெல்லாம் உச்சவரம்புகள். நம் சோழமண்டலக் கரையில் ஒரு நாள் கண்ணாடிபோல் இருக்கும் நீர் மறுநாள் நீட்டிய கை தெரியாதபடி கலங்கிவிடும். அந்தக் கலங்கலிலும் வரம்பு முழுவதையும் நிரப்பிக்கொண்டு போகிறவர் விதியை மீறவில்லை என்று வாதாடலாம், விவேகத்தை மீறியிருக்கிறார். சான்றிதழ்ப் படிப்புக்கு 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், 10 நிமிஷம் மிதந்து காட்டவேண்டும், இதை மெய்யாகவே நீந்தச் சொல்லிப் பார்க்கிறார்களா, "நீச்சல் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டுக் கட்டத்தில் குறி போடுகிறார்களா என்று விசாரித்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். இப்போது எல்லா இடத்திலும் வீடியோ எடுத்துக் கொடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக காற்றை உறிஞ்ச வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டுச் சிரிக்கச் சொல்லுகிறவரிடம் விலகி நிற்பதே நலம்.

கடலைப் பற்றிய தீர்ப்பு யார் கையில் இருக்கிறது என்பது அடுத்தபடியாகப் பார்க்கவேண்டியது. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் நம் மீனவர்கள். நல்ல கடைகளில் படகோட்டி அவர்களில் ஒருவராக இருப்பார். முந்தின நாள் மாலையில் அவர் கரையில் நின்று அலையைப் பார்த்துவிட்டுச் சொல்வதை முதலாளி தட்டமாட்டார். புதுச்சேரியில் ஆற்று முகத்துவாரத்தைக் கடந்துதான் படகு வெளியே போகவேண்டும். அங்கே மணல் சேர்ந்து, அலை உடையும் நாட்களில் கடப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்திலோ சொல்லவே வேண்டாம்; 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையைக் கடந்து சென்றதை மறந்தவர் அங்கே யாரும் இல்லை. இருந்தாலும், விடுமுறை நாளில் முழுப் படகுக்கும் பணம் வாங்கியாகிவிட்ட நிலையில், காலை 5 மணிக்கு ஒவ்வொருவருக்கும் டெலிபோன் செய்து "இன்னிக்குக் கடல் சரியில்லை, வரவேண்டாம்" என்று சொல்வதற்கு வியாபாரிக்கு நெஞ்சுரம் வேண்டும். டீசல் மிச்சமாகலாம், ஆட்களின் கூலியும் கடையின் வாடகையும் நிற்பதில்லை. அப்படி ஒரு நாளாவது படகைத் திருப்பியதுண்டா, கடைசியாக எப்போது என்று நான் எந்தக் கடையிலும் கேட்பது வழக்கம். "நம்ம கடையில வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் உண்டு சார்" என்று பெருமையாகச் சொன்னவரிடம் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

படகில் முதலுதவிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதைத் திறக்கத் தெரிந்தவர் யார், இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி ஒருவர் துவண்டுபோனால் அழுத்த அறையுள்ள ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. உடனே ஊரும் டெலிபோன் நம்பரும் சொன்னால் சரி. யோசிக்கத் தொடங்கினால், நாமும் யோசிக்கலாம்.

சாமான் விற்பனையில் எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. வெளிநாட்டுச் சரக்கு ஆகையால் எல்லாமே விலை அதிகம். முதல்தரம் கடலைக் கண்டு வந்த மயக்கத்தில் இருப்பவனிடம் எதையும் விற்றுவிடலாம். நல்ல கடைக்காரர், "இன்னும் பத்துத் தடவை வாடகைக்கு எடுத்து இறங்குங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். வாங்கியே தீருவேன் என்கிறவனுக்கு மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்வார். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் அளவு சரி. விலை உயர்ந்தது ஒட்டவில்லை, மலிவானது ஒட்டுகிறது என்றால் மலிவானதைக் கொடுப்பார். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு நீர் கசியும் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார். கடையின் ரெகுலேட்டர்களை வருஷம் ஒருதரம் பிரித்துச் சுத்தம் செய்கிறார்களா, யார் செய்கிறார்கள் என்பதும் இங்கேயே கேட்டுவிடலாம். கடலிலிருந்து வந்தவுடன் நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசாமல் மூலையில் குவித்துவைக்கிற கடையில் அந்தக் கேள்வியே அநாவசியம்.

புகழ் மொழிகளை நம்புவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே ஒருதரம் இறங்கி, பத்திரமாக வந்து, வாழ்நாளில் காணாததைக் கண்ட பரவசத்தில் இருப்பவர், எந்தக் கடை அழைத்துச் சென்றிருந்தாலும் ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுவார். காற்றை அவர் அளக்கவில்லை, ஆழத்தை அவர் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கடையும் அவருக்குத் தெரியாது. மறு வருஷமும் அதே கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே போய், தாமே தேநீர் கலந்துகொள்ளும் பழைய வாடிக்கையாளர் நாலு பேர் இருந்தால், அவர்களிடம் விசாரிப்பது மேல். அவர்கள் குறையும் சொல்வார்கள். காலையில் சொன்ன நேரத்துக்குப் படகு கிளம்பாது, இட்லி ஆறிப்போயிருக்கும், பணம் திரும்ப வர இரண்டு வாரம் ஆகும் என்பார்கள். இந்தக் குறைகளை நான் பெரிதாக எண்ணுவதில்லை.

நீரிலிருந்து ஏறியதோடு கடையின் கடமை தீர்ந்துவிடுவதும் இல்லை. மேலே வரும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிஷம் நிறுத்திவைப்பது எல்லா இடத்திலும் இப்போது பழக்கமாகிவிட்டது. அதன் பின்னும் உடம்பில் கரைந்து நிற்கும் நைட்ரஜன் போக மணிக்கணக்கில் ஆகும். ஒருதரம் இறங்கினவர் 12 மணி நேரமும், பலதரம் இறங்கினவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். விமானத்தைப் பற்றி எல்லாக் கடைகளும் சொல்கின்றன. புதுச்சேரிக் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண் டெலிபோனில் ஒரு முன்பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு பேர், ஆளுக்கு இரண்டு டைவ். எழுதிக்கொண்டே வந்தவள், "முடிச்சிட்டு எந்த ஊருக்கு சார் திரும்புவீங்க?" என்றாள். பெங்களூருக்கு, அன்று சாயங்காலமே காரில், என்று பதில் வந்தது போலிருக்கிறது.

"அன்னிக்கே மலை ஏறக்கூடாதே சார்."

ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் மறுமுனையில் எழுந்த சிரிப்பு எனக்கும் கேட்டது. "மலையா? நாங்க பெங்களூர்தாம்மா போறோம், கொடைக்கானலுக்கு இல்ல."

"பெங்களூரே தொள்ளாயிரம் மீட்டர் உசரத்துல இருக்கு சார். அறுநூறு தாண்டினாலே ஃப்ளைட் ஏர்ற மாதிரிதான் கணக்கு. ரெண்டு டைவ் முடிய மத்தியானம் ஆயிடும், மறுநாள் காலைலதான் நீங்க கிளம்ப முடியும். திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கும் இல்லையா? நான் சனிக்கிழமைக்கே மாத்திடறேன். ஞாயிற்றுக்கிழமை ஆரோவில் பாத்துட்டு, சாப்பிட்டுட்டு, மெதுவாக் கிளம்புங்க."

மறுமுனையில் சற்று நேரம் ஆலோசனை நடந்தது. பிறகு சனிக்கிழமை சரி என்றார்கள். அவள் தேதியை அடித்துத் திருத்திவிட்டு, பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"உங்க ஆறு பேர்ல யாருக்காவது வீஸிங் உண்டா சார்?"